மங்கும் மழையும்: குறும்படக் கதைக்கரு வளரும் முறை



இப்பொதுச் சொற்பொழிவு வரிசையில் பேசுமாறு அழைத்த அன்பர்கள், குறும்படத் திரைக்கதைக்கு வேண்டிய கதைக்கருவை வளர்த்தெடுக்கக் கற்றல் என்னும் பொருளை நமக்குக் கொடுத்தார்கள். முதலில் தயங்கினோம். மொழியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் திரைக்கதையைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? நாம் ஒரு படமும் எடுத்ததில்லை. ஆயினும் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வழங்கிய தமிழைத் தொகுப்பதற்காகச் சில ஆண்டுகள் அலைந்திருக்கிறோம். அவ்வலைச்சலின்போது நாம் செய்த பிழை ஒன்று இன்றைய பொருளோடு நேரே தொடர்புடையது. அதனை இவ்வுரையின் நடுவே சொல்லுவோம். அப்பிழையைச் சொல்லுவதற்காகவே இவ்வழைப்பை ஏற்றோம் என்றும் கொள்ளலாம்.

நாம் கூடியிருக்கும் இத்தெமியாங்கின் பெயரிலிருந்து தொடங்குவோம். மலாய் மொழியில் தெமியாங் என்பது மெல்லிய மூங்கில் வகை ஒன்றைக் குறிக்கும் சொல். மூங்கிலின் பெயரைக் கொண்ட ஊரில் பால்மரத்தை நம்பி வாழ வந்தவர்கள் நம் முன்னோர். தெமியாங், லாபு, ரந்தாவ், பகாவ் என்று இம்மாநிலத்தின் பல பக்கங்களிலும் தோட்டங்கள் இருந்தன. பால்மரத்திற்குப் பின் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் வந்தன. தோட்டம் மறைந்தபோது அங்கு வழங்கிய சொற்களும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் போயின. அச்சொற்களைக் கேட்டு வளர்ந்த கடைசித் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நீங்கள். உங்கள் கையில் இன்று ஒளிப்படக்கருவி இருக்கிறது. ஆதலால் இப்பொருள் வெறும் கலைப்பயிற்சி பற்றியதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட விரும்புகிறோம்.

கதை கற்பிக்கக் கூடியதா?

கதை எழுதுவது பிறவிக் கொடை, அதைக் கற்பிக்க இயலாது என்று சொல்லுவோர் உண்டு. அவர்களுக்கு நம் நாட்டு இலக்கிய வரலாறே விடை சொல்லும். 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழில், 1950ஆம் ஆண்டு சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் ‘கதை வகுப்பு’ என்னும் பகுதியை நடத்தினார்கள். பள்ளிக் கட்டடமோ கரும்பலகையோ இல்லை. நாளிதழின் பக்கமே வகுப்பறையாயிற்று. வாசகர்கள் எழுதியனுப்பினார்கள்; ஆசிரியர்கள் வழிகாட்டினார்கள். மலேசியச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் அவ்வகுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நாளிதழ் நின்றுபோயிற்று. அது விதைத்த எண்ணம் நிற்கவில்லை: எளிய தொழிலாளரின் பிள்ளைக்கும் கதை எழுதக் கற்பிக்கலாம்.

அண்மைக் காலத்தில் தமிழகத்தில் கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ நிகழ்ச்சி, குறும்படத்தைப் போட்டிக்குரிய வடிவமாக்கி வீட்டுக் கூடத்திற்குக் கொண்டு வந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் அவ்வழியே வெளிச்சத்துக்கு வந்தவர்கள். பாலாஜி மோகனின் ‘காதலில் சொதப்புவது எப்படி’ முதலில் குறும்படமாகி, 2012இல் முழுநீளப் படமாகவும் வந்தது. இதைக் கண்ட இளைஞர் பலர் குறும்படத்தைப் பெரிய படத்திற்கான நுழைவுச் சீட்டாகக் கருதத் தொடங்கினர். அதில் தவறில்லை. ஆனால் பெரிய படத்தின் கதையைச் சுருக்கிப் பத்து நிமிடத்தில் அடைப்பது குறும்படம் ஆகாது. நாவலின் சுருக்கம் சிறுகதை ஆகாதவாறு போல என்று கொள்க. ஆஸ்கார் விருது விதிகள் 40 நிமிடம் வரையுள்ள படத்தைக் குறும்படம் என ஏற்கின்றன. அளவு அங்ஙனம் இருப்பினும், உங்களுக்கு நாம் பரிந்துரைப்பது பத்து நிமிடமே. பத்து நிமிடத்தில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஒரு வாழ்க்கை திரும்புகிற ஒரு கணத்தைச் சொல்ல முடியும்.

பொருள் வேறு, கரு வேறு

இளைஞர்களிடம் உங்கள் கதைக்கரு யாது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் விடைகள் சில: ‘தோட்டத் தொழிலாளரின் துயரம்’, ‘குண்டர் கும்பலால் அழியும் இளைஞன்’, ‘தமிழ்ப்பள்ளியின் அருமை’, ‘தாயன்பு’. இவை யாவும் மதிக்கத்தக்க பொருள்களே. ஆனால் இவற்றுள் ஒன்றும் கதைக்கரு அன்று. பொருள் என்பது ஒரு பெரிய வயல். கரு என்பது அவ்வயலில் ஊன்றிய ஒரு விதை. வயலைக் காட்டி, இதோ பயிர் என்று சொல்ல இயலாது.

கருவை அறிய நான்கு வினாக்கள் போதும். யார்? அவருக்கு என்ன வேண்டும்? எது குறுக்கே நிற்கிறது? முடிவில் என்ன மாறியிருக்கிறது? இந்நான்கிற்கும் விடை இருந்தால் கோடம்பாக்கத்தார் ‘ஒன் லைன்’ என்று சொல்லும் ஒருவரிக் கதை உங்கள் கையில் இருக்கிறது. விடை இல்லையேல் இன்னும் பொருளிலேயே நிற்கிறீர்கள்.

‘தோட்டத் தொழிலாளரின் துயரம்’ என்பதை இவ்வினாக்களுக்கு உட்படுத்துங்கள். யார் என்றால் எல்லாரும் என்று வருகிறது. என்ன வேண்டும் என்றால் நல்ல வாழ்வு என்று வருகிறது. குறுக்கே நிற்பது எது என்றால் வறுமை என்றும் சமுதாயம் என்றும் வருகிறது. இவற்றைப் படம் பிடிக்க இயலாது. எல்லாரையும் ஒரு சட்டகத்துள் நிறுத்த முடியாது. வறுமைக்கு முகம் இல்லை. பாதி நிறைந்த அரிசித் தகரத்திற்கு உண்டு.

தீபக் குமரன் மேனன் இயக்கிய ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது. 1960களின் தோட்டத்தில் வாழும் ஒரு பெண் மேலே படிக்க விரும்புகிறாள் என்பதே அதன் அச்சு. தோட்ட வாழ்க்கை முழுவதும் அப்படத்தில் தெரிகிறது. ஆனால் அது அப்பெண்ணின் விருப்பத்தின் வழியாகத் தெரிகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015இல் வந்து, 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களின் நிலை அதன் பொருள். அப்போய் என்னும் சிறுவன் எந்தப் பக்கம் போவான் என்பதே அதன் கரு. இவ்விரண்டும் முழுநீளப் படங்கள்தாம். ஆயினும் பொருளுக்கும் கருவுக்கும் உள்ள உறவை அறிய இவற்றைக் காட்டிலும் நல்ல பாடம் நமக்கு அருகில் இல்லை.

முதல், கரு, உரி

‘கரு’ என்னும் சொல்லை நாம் இப்போது கதையோடு சேர்த்து வழங்குகிறோம். தொல்காப்பியரும் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். அகத்திணைக்கு வேண்டிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார். முதல் என்பது இடமும் காலமும். கரு என்பது அவ்விடத்திற்கே உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலானவை. உரி என்பது அங்கு நிகழும் மனத்தின் ஒழுக்கம்: கூடல், பிரிதல், காத்திருத்தல், இரங்கல், ஊடல். செய்யுளில் சிறந்து விளங்குவது உரிப்பொருளே என்றாலும், முதலும் கருவும் இன்றி அது நிற்க இடமில்லை.

குறும்படம் எழுத வருவோர்க்கு இதைவிட நேர்த்தியான பயிற்சி அட்டவணை கிடைக்காது என்பது நம் எண்ணம். ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். முதற்பத்தியில் இடமும் காலமும் எழுதுங்கள். ‘தோட்டம்’ என்று எழுதாதீர்கள். ‘வைகறைக்கு முன், பெரட்டுக்களம், விளக்கு வெளிச்சம்’ என்று எழுதுங்கள். பால்வெட்டு விடியுமுன் தொடங்கும். குளிர்ந்த பொழுதில் மரம் பாலை நன்றாக விடும் என்பது அதற்குக் காரணம். அவ்விருட்டே உங்கள் படத்தின் முதல் ஒளி.

இரண்டாம் பத்தியில் அவ்விடத்திற்குரிய பொருள்களை எழுதுங்கள். முனியாண்டி கோயில், உருமி, பால்மரம், வெட்டுக்கத்தி, மங்கு, வாளி, காண்டாக் கம்பு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை, கிராணியின் பேரேடு. ஒவ்வொன்றையும் அங்குள்ளோர் வழங்கிய பெயராலேயே எழுதுங்கள். பெயர் தெரியாவிடில் வீட்டுக்குப் போய் ஆத்தாவிடம் கேளுங்கள்.

மூன்றாம் பத்தியில் ஒரே ஓர் உணர்வை எழுதுங்கள். இரண்டு வேண்டா. பத்து நிமிடத்திற்கு ஒன்று போதும்.

இனி இரண்டாம் பத்தியில் உள்ள ஒரு பொருளுக்கும் மூன்றாம் பத்தியில் உள்ள உணர்வுக்கும் இடையே கோடு ஒன்று இழுங்கள். அக்கோடுதான் கதை. உணர்வை ஒருவர் வாயால் சொன்னால் அது சொற்பொழிவு. நாம் இப்போது செய்துகொண்டிருப்பது அதுவே. உணர்வை ஒரு பொருளின்மேல் ஏற்றி அப்பொருளை அசைத்தால் அது திரைப்படம்.

தொல்காப்பியர் செய்யுளியலில் வேறொரு செய்தியும் உண்டு. அகப்பாட்டைப் பொருள்கொள்ள அவர் வகுத்த உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றோடு எச்சம் என்பதும் ஒன்று. சொல்லாமல் விடப்பட்டுக் கேட்போரால் நிரப்பப்படுவது எச்சம். குறுந்தொகையின் பாடல்கள் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடிகளுக்குள் முடிகின்றன. முன்பு நடந்ததும் பின்பு நடக்கவிருப்பதும் அவ்வடிகளுக்கு வெளியே நிற்கின்றன. ஒருவர் பேசுகிறார், ஒருவர் கேட்கிறார், ஒரு கணம் நம் கண்முன் நிற்கிறது. குறும்படத்தின் இலக்கணம் இதிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

நாம் செய்த பிழை

எச்சம் என்று சொன்னதால், முன்பு சொன்ன பிழைக்கு வருவோம்.

முப்பது ஆண்டுகளுக்கும் முன்பு, ஆய்வுக்காக இம்மாநிலத்தின் தோட்டம் ஒன்றில் தங்கியிருந்தோம். கையில் ஒலிப்பதிவுக் கருவியும் சில நாடாக்களும் இருந்தன. நாடா விலை மிகுதி. ஆகவே சிக்கனமாக இருந்தோம். பால்வெட்டில் முதுமையடைந்த அம்மையார் ஒருவர் தம் லயத்து வாசலில் அமர்ந்து நம் வினாக்களுக்கு விடை சொன்னார். மரத்தில் பாலைத் தாங்கும் கலத்தைக் காட்டி, இதன் பெயர் என்ன என்று கேட்டோம்.

“மங்கு, தம்பி.”

நமக்கு மகிழ்ச்சி. மலாயில் மங்குக் என்பது கிண்ணத்தின் பெயர். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஆகவே இறுதி ஒலி கெட்டு மங்கு ஆயிற்று. ரப்பரைக் குறிக்கும் கெத்தா என்னும் மலாய்ச் சொல் கித்தா ஆனதும், கம்போங் கம்பம் ஆனதும், பாசார் பாசா ஆனதும் இத்தகைய மாற்றங்களே. நம் அட்டையில் இச்சொல்லைக் குறித்துக்கொண்டோம். அம்மையார் நிறுத்தவில்லை. மங்கைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே மேலும் பேசினார்.

“மழ வந்தா எம்மவளுக்குச் சந்தோசம், தம்பி. எனக்கு…”

அந்த இடத்தில் நாம் ஒலிப்பதிவை நிறுத்தினோம். நமக்கு வேண்டிய சொல் கிடைத்துவிட்டது. அவர் சொன்னதை முகத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தோம்; மனத்தில் வாங்கவில்லை. என்ன சொன்னார் என்பது இன்று நமக்கு நினைவில்லை.

அண்மையில் பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது அவ்வொலிப்பதிவை மீண்டும் கேட்டோம். ‘எனக்கு’ என்னும் சொல்லுக்குப் பின் பொத்தானை அழுத்தும் ஓசை. அதன்பின் வேறொரு நாளின் வேறொரு குரல். நான்காம் வேற்றுமை உருபு ஏற்று, வினையின்றி நிற்கும் ஒரு பெயர். இலக்கணத்தில் நிறைவுறாத தொடர். நம் ஆய்வேட்டில் மங்கு என்னும் சொல் இருக்கிறது, அதன் பிறப்பு இருக்கிறது, ஒலிமாற்றம் இருக்கிறது. அவ்வம்மையாரின் தொடர் இல்லை. பின்னொரு முறை அத்தோட்டத்திற்குப் போனபோது லயங்கள் இடிக்கப்பட்டிருந்தன. அவர் எங்கே போனார் என்று சொல்ல ஆளில்லை.

சொல்லை எடுத்துக்கொண்டு கதையை விட்டுவிட்டு வந்தோம். இதுவே நம் பிழை.

ஒரு தொடரிலிருந்து ஒரு படம்

அத்தொடரை உங்கள் முன் வைத்து, கரு எங்ஙனம் வளர்கிறது என்று பார்ப்போம். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: இனிச் சொல்லப்போவது அவ்வம்மையாரின் கதை அன்று. அவர் கதை போய்விட்டது. அவர் விட்டுச் சென்ற ஆறேழு சொற்களின்மேல் நாம் கட்டுவது. இவ்வேறுபாட்டைப் படம் எடுப்போர் என்றும் மறவாதிருத்தல் வேண்டும். பிறர் வாழ்க்கையிலிருந்து பொறி ஒன்றை எடுத்தால், அதை எடுத்தோம் என்று ஒப்புக்கொள்வதும், மற்றது நம் புனைவு என்று சொல்லுவதும் நேர்மை.

தொடரைப் பாருங்கள். மழை வந்தால் மகளுக்கு மகிழ்ச்சி. ஏன்? மழை பெய்தால் மரம் நனைந்துவிடும்; வெட்டினால் பால் நீரோடு வழிந்து வீணாகும். ஆகவே வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அம்மா வீட்டில் இருப்பார். விடியுமுன் எழுந்து இருட்டில் போகும் அம்மா, அன்று ஒரு நாள் மட்டும் பிள்ளை கண் விழிக்கும்போது பக்கத்தில் இருப்பார். தலை வாரி விடுவார். ரொட்டி சுட்டுத் தருவார். அம்மாவுக்கோ வெட்டு இல்லையேல் கூலி இல்லை. ஒரே வீடு, ஒரே கூரை, மேலே ஒரே வானம். அவ்வானத்திடம் இருவர் இருவேறு வரங்களைக் கேட்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் நேசிப்பதால்தான் கேட்கிறார்கள்.

இதில் கெட்டவர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். துரையைக் கொடியவராக்க வேண்டுவதில்லை. கங்காணியை அடிக்கச் செய்ய வேண்டுவதில்லை. முரண் அன்பின் உள்ளேயே இருக்கிறது. ‘தோட்டத் தொழிலாளரின் துயரம்’ என்னும் பெரிய பொருள் இங்கே ஒரு பிள்ளையின் விருப்பத்துக்குள் சுருங்கிவிட்டது. சுருங்கியதால் வலுப்பெற்றது.

நான்கு வினாக்களைக் கேட்போம். யார்? ஏழு வயதுச் சிறுமி. என்ன வேண்டும்? மழை, அதாவது அம்மா. எது குறுக்கே நிற்கிறது? அம்மாவின் கூலி. முடிவில் என்ன மாறியிருக்கிறது? இங்கேதான் எழுதுவோர் இடறுவர்.

முதல் இடறல் விபத்து. மழையில் அம்மாவை இடி தாக்கிவிட்டது, சிறுமி அழுகிறாள் என்று எழுதுவது எளிது. பார்ப்போர் கண்ணீர் விடுவர். ஆனால் அம்முடிவு சிறுமியால் விளைந்ததன்று; எழுதுவோரால் விளைந்தது. இடி எந்தக் கதையிலும் விழலாம். எந்தக் கதையிலும் விழக்கூடியது எந்தக் கதைக்கும் உரியதன்று.

இரண்டாம் இடறல் அறிவுரை. சிறுமி இறுதியில் ஒளிப்படக்கருவியைப் பார்த்து, அம்மா படும் பாடு எனக்கு இப்போது புரிகிறது என்று சொல்லுவது. அவள் சொல்லிவிட்டால் பார்ப்போர்க்கு வேலையில்லை. எச்சம் கெட்டுவிடுகிறது.

மூன்றாம் வழி, மூன்று பத்தித் தாளுக்குத் திரும்புவது. கருப்பொருளில் மங்கு இருக்கிறது. சிறுமியிடம் உடைந்து ஒதுக்கிய மங்கு ஒன்று உண்டு என்று கொள்ளுங்கள். அதை அவள் கூரை விளிம்பின் கீழே நிமிர்த்தி வைத்திருக்கிறாள். இரவில் முதல் துளி அதில் விழும் ஓசை கேட்டால் மழை என்று அறிந்து, மகிழ்ச்சியோடு அம்மாவின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு உறங்குகிறாள். இது படத்தின் தொடக்கம்.

மழை தொடர்கிறது. முதல் நாள் ரொட்டியும் சிரிப்பும். இரண்டாம் நாள் அம்மா அடிக்கடி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறார். மூன்றாம் நாள் சிறுமியைக் கடைக்கு அனுப்புகிறார். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, கேட்டதில் பாதி அரிசியை மட்டும் நிறுத்துத் தருகிறார். “அம்மாவ ஒருக்கா வரச் சொல்லும்மா” என்கிறார். குரலில் கடுமை இல்லை. அன்று இரவு ஒரு தட்டில் மட்டும் சோறு இருக்கிறது. அம்மா பாலில்லாத கோப்பியைக் குடித்துக்கொண்டே தாம் முன்பே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லுகிறார். சிறுமி தட்டைப் பார்க்கிறாள், அடுப்பைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை.

இரவு. மழை விட்டிருக்கிறது, வானம் மூடியிருக்கிறது. சிறுமி எழுந்து வாசலுக்கு வருகிறாள். மங்கைக் கையில் எடுக்கிறாள். அதில் நின்ற நீரைக் கொட்டுகிறாள். மங்கைக் கவிழ்த்து வைக்கிறாள். உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

வெட்டு இல்லாத நாளில் மரத்தடியில் மங்கு கவிழ்ந்திருக்கும். அதை அறிந்தவர்க்கு அச்செயலில் ஒரு பொருள் கூடுதலாகக் கிடைக்கும். அறியாதவர்க்கும் அது விளங்கும். விடியுமுன் அம்மா எழுந்து வெளியே வருகிறார். கவிழ்ந்த மங்கைப் பார்க்கிறார். அத்தோடு படம் நிற்கட்டும். மறுநாள் மழை பெய்ததா, இல்லையா என்பதைப் படம் சொல்ல வேண்டுவதில்லை. சிறுமி தான் விரும்பியதை விட்டுக்கொடுத்தாள். அதுதான் மாறியது.

ஏறத்தாழ ஐந்து காட்சிகள், மூன்று மாந்தர், ஒரு வீடு, ஒரு கடை. செலவு மிகக் குறைவு. திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது திரைத்துறையின் பொதுக்கணக்கு. அதன்படி பார்த்தால் ஒன்பது, பத்துப் பக்கங்களில் இது முடியும்.

மாந்தர் பேசும் தமிழ்

இனி உரையாடலைப் பற்றிச் சில சொல்லி அமைவோம். இங்கே மட்டும் நமக்கு ஓரளவு உரிமை உண்டு.

திரைக்கதையில் காட்சி விளக்கத்தை நல்ல எழுத்துத் தமிழில் எழுதுங்கள். உரையாடலை அம்மாந்தர் வாயில் வரும் தமிழில் எழுதுங்கள். பேச்சுத் தமிழை எழுதுவது மொழியைச் சிதைப்பது என்று சிலர் வருந்துவர். மொழி மன்றத்தின் மேடையில் நின்றுகொண்டே சொல்லுகிறோம்: தோட்டத்தில் வழங்கிய தமிழ் சிதைந்த தமிழ் அன்று. அது தனக்கென ஒழுங்குடைய வழக்கு. ‘ஜகாட்’ என்னும் படத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தீய, கெட்ட என்று பொருள்படும் ஜாஹாட் என்னும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் அவ்வடிவம் பெற்றது. நடுவிலுள்ள ஹகர ஒலியைத் தமிழ்ப் பேச்சு ககரமாக ஏற்றுக்கொண்டது. ‘மகன்’ என்னும் சொல்லில் நம் ககரம் மென்மையாக ஒலிப்பதை நினைத்தால் காரணம் விளங்கும். ஒரு பையனைப் பார்த்து ஊரார் சொல்லும் சொல்லையே அவர் தலைப்பாக்கினார். அகராதித் தமிழில் அதற்கு ஈடு தேடியிருந்தால் அப்பையன் வாழ்ந்த வீதி அதில் இருந்திராது.

பிறமொழிச் சொல்லை அழகுக்காகத் தெளிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாந்தர் வேறு சொல்லால் அதைச் சொல்லார் என்றால் வையுங்கள், இல்லையேல் நீக்குங்கள்.

இன்னுமொன்று. தமிழில் நாம், நாங்கள் என இரண்டு உண்டு. கேட்போரை உள்ளடக்கினால் நாம், விலக்கினால் நாங்கள். மலாயிலும் இவ்வேறுபாடு அப்படியே இருக்கிறது: கீத்தா, காமி. ஆங்கிலத்தில் இல்லை. நம் கதையில் சிறுமி அம்மாவிடம், “மழ வந்தா நாம வீட்டுலயே இருக்கலாம்ல?” என்கிறாள். கடைக்காரரிடம் அம்மா, “நாங்க குடுத்துருவோம்” என்கிறார். ஒரு ‘நாம’, ஒரு ‘நாங்க’. முன்னது வீட்டின் கதவைத் திறக்கிறது. பின்னது கடன் கொடுத்தவர் முன்னே தன்மானத்தோடு கதவைச் சாத்துகிறது. மலாயில் துணையுரை எழுதினால் இவ்விரண்டும் பிழைக்கும். ஆகவே உங்கள் படத்திற்கு முதலில் மலாய்த் துணையுரை எழுதுங்கள் என்பது நம் பரிந்துரை. பக்கத்து வீட்டார் நம் கதையைப் புரிந்துகொள்ள அது உதவும் என்பது அதனினும் பெரிய காரணம்.

நிறைவாக

இளைஞர்களே, இவ்வுரையிலிருந்து வீட்டிற்குக் கொண்டுபோக ஒரு வேலை தருகிறோம். உங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இருப்பார். உங்கள் வீட்டில் இல்லையேல் அடுத்த வீட்டில் இருப்பார். அவரிடம் போய், கதை சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், எனக்கென்ன கதை தெரியும் என்று சொல்லிவிடுவார். ஒரு பொருளின் பெயரைக் கேளுங்கள். மங்குக்கு என்ன சொல்லுவீர்கள், காண்டாவை எப்படித் தூக்குவீர்கள், பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேளுங்கள். அவர் பெயரைச் சொல்லுவார். அதன்பின் சற்று நிறுத்துவார். வேறெதையோ பேசத் தொடங்குவார்.

உங்கள் கைப்பேசியில் நாடா தீர்ந்துபோவதில்லை. அப்போது பொத்தானை அழுத்தாதீர்கள்.

நம் மேசையில் ‘எனக்கு’ என்று முடியும் ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. அதை நிறைவு செய்ய நம்மால் ஆகாது. உங்கள் ஒலிப்பதிவுகளாவது பயனிலை வரையில் போகட்டும்.